எங்க வீட்டுப் படத்துல கால் இருக்கு, மிலான்ல கால் இல்லையே?

மணப்பாடு_ரோச்:
கம்பெனி வேலையா இத்தாலியில மிலான் போயிருந்தேன். நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை ஓய்வு. சாந்தா மரியா தெல்லே கிராட்சியேன்னு ஒரு கோயில், அதை ஒட்டி சாமியார் மடம். அந்த மடத்துச் சாப்பாட்டுக் கூடத்துச் சுவர்லதான் லியனார்டோ டா வின்சி வரைஞ்ச கடைசி இராவுணவு இருக்கு. டிக்கெட் குதிரைக்கொம்பு. யாரோ வேணாம்னு விட்ட ஒரு இடம் எனக்குக் கிடைச்சுது. ஒரு கண்ணாடிக் கதவு திறந்து, நாம உள்ள போனதும் மூடி, அப்புறம்தான் அடுத்தது திறக்கும். நம்ம மேல ஒட்டியிருக்கிற தூசியும் ஈரமும் உள்ள போகக் கூடாதாம். உள்ள 15 நிமிஷம்தான், அப்புறம் வெளிய அனுப்பிடுவாங்க.

விஷயம் இதுதான். எங்க வீட்ல சாப்பாட்டு மேசைக்கு மேல இந்தப் படம் நான் பொறக்கிறதுக்கு முன்னாடி இருந்தே தொங்குது. சின்ன வயசுல சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் மேசைக்கடியில தெரியிற காலையெல்லாம் எண்ணிக்கிட்டிருப்பேன். 13 பேருக்கு 26 வரணும். ஒருநாளும் கணக்கு சரியா வந்ததில்ல.

மிலான்ல போய் நின்னதும் கண்ணு முதல்ல மேசைக்கடிக்குத்தான் போச்சு. நட்டநடுவுல, இயேசு உக்காந்திருக்கிற இடத்துக்கு நேர் கீழ, ஒரு வாசல் வளைவு! கல் வச்சு அடைச்சிருக்காங்க, ஆனா வடிவம் அப்படியே தெரியுது. அவரோட கால் இருக்க வேண்டிய இடமே அதுதான். 15 நிமிஷத்துல பாதி அதைப் பார்த்தே போயிருச்சு.

மிலான்ல இல்லாத காலு மணப்பாட்டுல எங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோடும்கோணமும்:
தம்பி, நல்ல கேள்வி. முப்பது வருஷம் ஓவிய ஆசிரியராக இருந்தேன், ஒரு மாணவன்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை.

அந்த வாசலை 1652-ல் மடத்துச் சாமியார்களே இடித்துத் திறந்தார்கள். அதற்குள் ஓவியம் அவ்வளவு உரிந்து கிடந்தது. பெரிய இழப்பாக யாருக்கும் தோன்றவில்லை. வரைந்து இருபது வருஷம்கூட ஆகாத 1517-லேயே, கெட ஆரம்பித்துவிட்டது என்று அதைப் பார்த்த ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரி 1566-ல் போனபோது அவர் கண்டது வெறும் கறைத் திட்டுகள்தாம்.

கால்களைக் காப்பாற்றியவை நகல்கள். லியனார்டோவின் வழியில் வந்த ஜம்பியெத்ரீனோ 1520 வாக்கில் துணியில் ஒரு முழு அளவு நகல் வரைந்தார், ஏறத்தாழ எட்டு மீட்டர் அகலம். இப்போது லண்டன் ராயல் அகாடமியின் சொத்து. பெல்ஜியத்தில் தொங்கர்லோ மடத்தில் இன்னொன்று. இரண்டும் வாசல் உடைப்பதற்கு முன்பு வரைந்தவை, ஆகவே இரண்டிலும் கால்கள் உண்டு. பிறகு 1800-ல் ரஃபாயேல் மோர்கன் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். அந்த அச்சுப்படம்தான் ஐரோப்பா முழுக்கப் பரவியது. மிலான் பக்கமே போகாத லட்சக்கணக்கானவர்கள் 'லியனார்டோவின் ஓவியம்' என்று கண்டது அதைத்தான். அதைப் பார்த்து வேறொருவர் வரைய, அதைப் பார்த்து இன்னொருவர் வண்ணம் தீட்ட, கடைசியில் உங்கள் அம்மா கையில் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. உங்கள் வீட்டுப் படம் மிலான் சுவரின் பிள்ளை இல்லை தம்பி; கொள்ளுப்பேரனுக்குப் பேரன்.

வெட்டிப்பேச்சு:
ரொம்ப நாளா எனக்கொரு சந்தேகம் அண்ணாச்சி. 13 பேரும் ஏன் மேசைக்கு ஒரே பக்கம் உக்காந்திருக்காங்க? நம்ம கல்யாணப் பந்தி மாதிரி எதிர்ல பரிமாற ஆள் வரணும்னா?

கோடும்கோணமும்:
சிரிப்புக்குக் கேட்டாலும் பதில் ஏறக்குறைய அதுதான். மடங்களில் மேசைகள் சுவரோரம் இருக்கும். சாமியார்கள் சுவர்ப் பக்கம் வரிசையாக உட்கார, நடுக்கூடம் பரிமாறுபவர்களுக்கு. சுவரில் வரைந்த மேசை அந்தப் பந்தியில் இன்னொரு வரிசை. மேசை விரிப்பில் மடித்து வைத்த தடம்கூடத் தெரியும், மடத்து அலமாரியிலிருந்து எடுத்து விரித்தது போல.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. லியனார்டோவுக்கு முன்னால் ஃபிளாரன்ஸில் இதே காட்சியை வரைந்தவர்கள், 1447-ல் காஸ்தாஞ்ஞோ, 1480-ல் கிர்லாந்தாயோ, யூதாஸை மட்டும் மேசைக்கு இந்தப் பக்கம் தனியாக உட்கார வைத்தார்கள். பார்த்தவுடன் தெரியும், இவன்தான் என்று. லியனார்டோ அவனை மற்றவர்களோடு ஒரே வரிசையில், பேதுருவுக்கும் யோவானுக்கும் நெருக்கமாக வைத்துவிட்டார். 'உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக் கொடுப்பான்' என்று இயேசு சொல்லி முடித்த மறுநொடி அது. மூன்று மூன்று பேராக நாலு கொத்து. ஒவ்வொரு கொத்திலும் ஒரு சலசலப்பு. யூதாஸ் மட்டும் பின்வாங்குகிறான், முகம் நிழலில், கையில் பணப்பை, முழங்கைப் பக்கம் உப்புக் கிண்ணம் சாய்ந்து கிடக்கிறது. அவன் முதுகுக்குப் பின்னால் பேதுருவின் கை, அதில் கத்தி.

இயேசுவுக்கு அந்தப் பக்கம் ஒரு விரலை மேலே தூக்கிக்கொண்டிருப்பவர் நம்ம தோமையார். உயிர்த்த பிறகு காயத்தில் விட்டுப் பார்க்கப் போகிற விரல் அது. சாந்தோம் போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யார் யார் எவர் என்று நமக்குத் தெரிவதற்கும் ஒரு நகல்தான் காரணம். சுவிட்சர்லாந்தில் லுகானோ பக்கம் போன்தே காப்ரியாஸ்கா என்ற சிற்றூர்க் கோயிலில் இதன் பழைய நகல் ஒன்று உண்டு. அதில் ஒவ்வொருவர் கீழேயும் பெயர் எழுதியிருக்கிறது.

சுண்ணாம்புக்காளவாய்:
சுண்ணாம்புப் பூச்சு வேலை எடுத்துச் செய்யிற ஆளு நான். 20 வருஷத்துல உரிஞ்சுதுன்னு படிச்சதும் கை அரிக்குது, சொல்லிடுறேன்.

சுண்ணாம்புக் கல்லைச் சுடுறோம், நீத்துறோம், மணல் சேர்த்துப் பூசுறோம். பூசின அப்புறம் அது காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்து இழுத்து மறுபடி கல்லா மாறும். ஈரம் காயறதுக்குள்ள தண்ணியில குழைச்ச நிறத்தை மேல வச்சா, அந்த நிறமும் கல்லுக்குள்ள மாட்டிக்கும். பசையே வேணாம், சுண்ணாம்பே பசை. இத்தாலிக்காரன் இதை ஃப்ரெஸ்கோங்கிறான், பச்சைப் பூச்சுன்னு வச்சுக்கங்க. ஒரு நாள்ல எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்குத்தான் காலையில பூசுவான். அந்த அளவுக்குப் பேரே 'ஜொர்னாத்தா', ஒரு நாள் வேலை. தப்பு வந்தா அழிக்க முடியாது, கொத்தி எடுத்துட்டுத் திரும்பப் பூசணும்.

லியனார்டோ இதைச் செய்யல. காஞ்ச சுவர்ல ஒரு அடிப்பூச்சு, அதுமேல ஈய வெள்ளை, அதுமேல முட்டையும் எண்ணெயும் சேர்த்த நிறம். பலகையில வரையிற முறையைக் கொண்டாந்து சுவர்ல ஏத்திட்டார். சுவர் வடக்குச் சுவர், ஈரம் உள்ளேருந்து வரும். வந்த ஈரம் வெளிய போக வழியில்லாம மேல இருக்கிற தோலைத் தள்ளும். தோல் பொருக்குப் பொருக்கா நிக்கும், அப்புறம் உதிரும். சிமென்ட் பூச்சு மேல அவசரத்துக்குப் பெயின்ட் அடிச்ச வீட்ல மழைக்காலம் முடிஞ்சதும் போய்ப் பாருங்க, அதே கதைதான்.

இவ்வளவு பெரிய மூளைக்காரர் ஒரு கொத்தனார்கிட்ட கேட்டிருக்கலாம்.

அமலி:
அண்ணா, கேட்காமல் இல்லை. அவருக்குத் தெரியும், வேண்டாம் என்றுதான் விட்டார். பச்சைப் பூச்சு என்றால் காலையில் ஆரம்பித்துப் பொழுதுசாய முடிக்க வேண்டும், அந்த வேகம் அவர் உடம்பில் இல்லை. பந்தெல்லோ என்கிற எழுத்தாளர் சிறுவனாக அந்த மடத்தில் இருந்து நேரில் பார்த்ததை எழுதியிருக்கிறார். சில நாள் விடிந்ததும் சாரத்தில் ஏறினால் இருட்டும்வரை சாப்பாடு தண்ணீர் நினைப்பே இல்லாமல் வரைவாராம். பிறகு மூன்று நாலு நாள் தூரிகையையே தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு சுவரையே பார்த்தபடி நிற்பாராம். வேறொரு நாள் நடு வெயிலில் எங்கிருந்தோ விறுவிறு என்று வந்து ஒரு முகத்தில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் போய்விடுவாராம். இப்படிப்பட்ட ஆளுக்குச் சுண்ணாம்பு காத்திருக்குமா?

ரோச் அண்ணன் திரும்பிப் பார்த்தாரா என்று தெரியவில்லை. அதே கூடத்தில் நேர் எதிர்ச் சுவரில் மொந்தோர்ஃபானோ என்பவர் 1495-ல் வரைந்த சிலுவைக் காட்சி இருக்கிறது. முறையான பச்சைப் பூச்சு. அதே கட்டடம், அதே காலம், இன்றைக்கும் நிறம் பளிச்சென்று இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கென்று யாரும் டிக்கெட் எடுப்பதில்லை.

மணப்பாடு_ரோச்:
திரும்பிப் பார்த்தேன் அமலி, அஞ்சே நொடி. கூட வந்தவங்க யாரும் அதுகூடச் செய்யல. இப்ப நெனச்சா பாவமா இருக்கு அந்த மனுஷன்.

உபதேசியார்:
அன்பு மக்களே, எல்லாருக்கும் தோத்திரம். பெரிய வியாழன் பிரசங்கத்துக்கு நான் எப்போதும் சொல்லும் ஒரு சாட்சியை இங்கே பகிர்கிறேன். லியனார்டோ இயேசுவின் முகத்துக்காகத் தேடி, ஆலயப் பாடகர் குழுவில் ஒரு மாசற்ற வாலிபனைக் கண்டார். அவனைப் பார்த்து ஆண்டவரை வரைந்தார். வருஷங்கள் பல கடந்தன. யூதாஸுக்கு முகம் கிடைக்கவில்லை. கடைசியில் சாக்கடையோரம் குடித்து விழுந்து கிடந்த ஒருவனைத் தூக்கி வந்து உட்கார வைத்தார். அவன் கண்ணீர்விட்டு, 'ஐயா, முன்பு நீங்கள் இயேசுவாக வரைந்ததும் என்னைத்தான்' என்றான்.

வெட்டிப்பேச்சு:
இது எங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவுல வருஷத்துக்கு மூணு தடவை வருது 🙂

அமலி:
உபதேசியார் ஐயா, தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இது பின்னால் யாரோ கட்டிய கதை. வேலை 1495 வாக்கில் தொடங்குகிறது. 1497 ஜூன் 29-ஆம் தேதி மிலான் பிரபு லுடோவிக்கோ தன் அதிகாரிக்கு அனுப்பிய குறிப்பில், லியனார்டோவை இதைச் சீக்கிரம் முடிக்கச் சொல் என்று இருக்கிறது. 1498-ல் அவருடைய நண்பர் பச்சோலி இதை முடிந்த வேலையாகப் பேசுகிறார். மொத்தமே மூன்று வருஷம் சொச்சம். ஒரு வாலிபன் கெட்டுக் குட்டிச்சுவராகி அடையாளம் தெரியாமல் போக அந்தக் காலம் போதாது.

யூதாஸ் முகம் பற்றி வசாரி சொல்லும் கதை ஒன்று உண்டு. அது நடந்ததா என்பது வேறு விஷயம், ஆனால் அடுத்த தலைமுறை ஆளே எழுதியது. மடத்துத் தலைவர் 'இவர் வரைவதே இல்லை, சும்மா நிற்கிறார்' என்று பிரபுவிடம் போய்க் கோள் சொல்லிக்கொண்டே இருந்தாராம். லியனார்டோ பிரபுவிடம், 'இரண்டு தலைதான் பாக்கி. யூதாஸுக்குப் பொருத்தமான முகம் கிடைக்கவே இல்லையென்றால் இந்தத் தலைவர் முகம் இருக்கவே இருக்கிறது' என்றாராம். அதன்பிறகு தலைவர் தோட்டவேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

உபதேசியார்:
நாற்பது வருஷமாக அந்த முந்தின கதையைச் சொல்லி வந்திருக்கிறேன் மகளே. எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள். இன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. ஆனால் பொய்யென்று தெரிந்தபின் பீடத்தருகே நின்று சொல்ல மாட்டேன். அந்த மடத்துத் தலைவர் கதையைச் சொல்லலாம்தான். எங்கள் பங்குச்சாமி முன் வரிசையில் உட்கார்ந்திருப்பாரே என்று யோசிக்கிறேன்.

வெட்டிப்பேச்சு:
ஐயா, நீங்கதான் இந்த இழையோட கதாநாயகன். சரி, இன்னொண்ணு. அந்த யோவான் உண்மையில பொம்பளைனு ஒரு நாவல்ல...

கோடும்கோணமும்:
அந்தப் பேச்சை இங்கே எடுக்காதீர்கள். காஸ்தாஞ்ஞோவிலும் கிர்லாந்தாயோவிலும் யோவான் மீசை முளைக்காத இளைஞன்தான். சீடர்களில் இளையவர், அப்படி வரைவது அக்கால வழக்கம். முடிந்தது.

வெட்டிப்பேச்சு:
முடிஞ்சுது. ஆனா இதுக்குப் பதில் சொல்லுங்க. மூலமே உரிஞ்சு போச்சு, கால் போச்சு. நூறு பேர் மேல பூசியிருப்பான். அப்ப மிலான்ல இருக்கிறது லியனார்டோவா, இல்ல லியனார்டோ பேரை வச்ச சுவரா? ரோச்சண்ணன் வீட்டுப் படமே மேல்னு தோணுது, அதுலயாவது கால் இருக்கு.

கோடும்கோணமும்:
நூறு பேர் இல்லை, ஆனால் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல. 1726-ல் பெல்லோத்தி எண்ணெய் வண்ணம் வைத்துப் பெரும்பகுதியை மேலே வரைந்தார். 1770-ல் மாட்சா என்பவர் அதைச் சுரண்டிவிட்டுத் தன் கைவண்ணத்தைக் காட்டினார். ஜனங்கள் கூச்சல் போட்டு நிறுத்தியபோது மூன்று முகங்கள்தாம் தப்பியிருந்தன. 1796-க்குப் பிறகு நெப்போலியன் படையின் குதிரைகள் அந்தக் கூடத்தில். 1821-ல் பரேட்சி இது ஃப்ரெஸ்கோ என்று நினைத்துச் சுவரிலிருந்து பெயர்த்தெடுக்கப் பார்த்து, ஒரு பகுதியை நாசம் பண்ணி, பசை போட்டு ஒட்டினார். 1943 ஆகஸ்டில் நேசநாட்டுக் குண்டு விழுந்து கூரையும் ஒரு பக்கச் சுவரும் தரைமட்டம். மணல் மூட்டை அடுக்கி வைத்திருந்ததால் இந்தச் சுவர் மட்டும் வானத்தின் கீழ் தனியாக நின்றது.

பிறகு பினின் பிரம்பில்லா பார்ச்சிலோன் என்ற பெண்மணி, 1970-களின் பிற்பாதியில் தொடங்கி 1999 வரை, நுண்நோக்கி வைத்து, விரல்நகத் துண்டு அளவு இடமாக எடுத்து, மேல்பூச்சையெல்லாம் நீக்கினார். அடியில் நிறம் இருந்த இடத்தில் விட்டுவிட்டார். இல்லாத இடத்தில் நீர்வண்ணம் மட்டும், பின்னால் யாரும் கழுவி எடுத்துவிடக் கூடிய அளவுக்கு மெல்லிசாக. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே சுவர். அவரைத் திட்டியவர்களும் உண்டு. பழகிய படத்தைப் பறித்துவிட்டார், மிச்சம் வெறும் நிழல் என்றார்கள். என் மனசு அவர் பக்கம்தான். லியனார்டோவின் கை இருக்கிற இடம் எது, இல்லாத இடம் எது என்று இப்போதுதான் தெரிகிறது.

மணப்பாடு_ரோச்:
அந்த 'இல்லாத இடம்' பத்தி ஒண்ணு சொல்லணும். தூரத்துல நின்னா படம் முழுசா தெரியுது. கம்பித் தடுப்பு வரை போனா முகமெல்லாம் கலைஞ்சு புள்ளிபுள்ளியா ஆயிடுது, திரும்பப் பின்னால வந்தா ஒண்ணு சேருது. எங்க வீட்டுப் படம் எவ்வளவு கிட்டப் போனாலும் மழமழன்னுதான் இருக்கும். ஆனா மிலான்ல பார்த்த ஒண்ணு வீட்டுப் படத்துல சுத்தமா இல்ல. மேசையில மீன் இருந்த தட்டுக்குப் பக்கத்துல ஆரஞ்சுச் சுளை மாதிரி ஏதோ. நிஜமாவே ஆரஞ்சா?

அமலி:
சுத்தம் செய்த பிறகு தெரிய வந்தவற்றில் அதுவும் ஒன்று. மீன் துண்டோடு ஆரஞ்சு என்றுதான் பலரும் வாசிக்கிறார்கள். நகலெடுத்தவர்கள் பலரும் முகங்களைப் பார்த்த அளவுக்குத் தட்டைப் பார்க்கவில்லை போல.

சுண்ணாம்புக்காளவாய்:
படத்தைக் கிட்ட வச்சுப் பார்த்தேன். மேல் கூரைப் பலகைக் கோடெல்லாம் ஒரே இடத்துல போய்ச் சேருதே, அது எப்படி? நூல் கட்டி அடிச்சிருப்பாங்களா?

கோடும்கோணமும்:
சரியாகப் பிடித்தீர்கள். இயேசுவின் வலது பொட்டில், சுவரில் ஆணி அடித்த துளை இன்னும் இருக்கிறது. அங்கே ஆணி அடித்து நூல் கட்டி எல்லாத் திசைக்கும் இழுத்துக் கோடு போட்டிருக்கிறார். உங்கள் ஆட்கள் நூல் பிடித்துப் பூச்சு மட்டம் பார்ப்பது போலவே. கூரை, பக்கச் சுவரின் திரைகள் எல்லாம் அந்த ஆணியை நோக்கித்தான் ஓடுகின்றன. அதனால்தான் எந்த மூலையில் பார்த்தாலும் கண் அவர் முகத்தில் போய் நிற்கிறது.

எல்லாக் கோடும் ஒரே புள்ளியில் சேரும் இந்த உத்தியை ஃபிளாரன்ஸில் கட்டடக்கலைஞர் புரூனெல்லெஸ்கி செய்து காட்டினார், 1435-ல் ஆல்பெர்த்தி எழுத்தில் வைத்தார். அங்கிருந்து ஐரோப்பிய ஓவியப் பள்ளிகள், அங்கிருந்து நம்மூர். ரவிவர்மா ஐரோப்பியரின் எண்ணெய் ஓவிய முறையில் வரைந்து, 1894-ல் பம்பாய்ப் பக்கம் அச்சகம் போட்டு வீடுவீடாகக் கடவுள் படங்களை அனுப்பியபோது இதுவும் சேர்ந்தே வந்தது. கோவில்பட்டி கொண்டையராஜு நாடகத் திரைச்சீலை வரைந்து பழகியவர்; அவர் வழிவந்த சிவகாசிக் காலண்டர்களில் சாமிக்குப் பின்னால் தூண்கள் போகப் போகச் சிறுத்து, தரைக் கட்டங்கள் ஒரு புள்ளியை நோக்கி ஓடும். கோயில் சுவரில் இருந்த பழைய நாயக்கர் கால ஓவியங்களில் அது கிடையாது. அங்கே இடம் வேறு மாதிரி விரியும், அதுவும் ஒரு முறைதான், குறை இல்லை. ஆனால் இன்றைக்கு நம் பூஜை அறையில் முருகன் நிற்கிற மண்டபத்துக்கும் அந்த ஆணிக்கும் ஒரு நூல் உண்டு.

வெட்டிப்பேச்சு:
அப்ப மூலத்தைவிட நகல்தான் பெருசு, நான் சொன்னது சரிதானே?

அமலி:
பாதி சரி. ஊர் ஊராகப் போனது நகல்தான். அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால்கூட மலிவான அச்சு நகல்களை வைத்துத்தான் இதைத் திரும்பத் திரும்பப் பண்ணினார். 1987 ஜனவரியில் அந்த மடத்துக்கு எதிர்த்தெருவிலேயே காட்சிக்கு வைத்து, அடுத்த மாதம் இறந்துபோனார். ஆனால் ரோச் அண்ணன் வீட்டுக்கு வந்த நகல் அந்த ஆரஞ்சுச் சுளையைக் கொண்டுவரவில்லையே. அதற்குச் சுவரிடம்தான் போக வேண்டியிருந்தது.

மணப்பாடு_ரோச்:
அப்டேட். ஊருக்கு வந்துட்டேன். அம்மாவைக் கேட்டு, படத்தை இறக்கித் தூசி தட்டிப் பார்த்தாச்சு. இயேசுவுக்கு ரெண்டு காலும் இருக்கு. மொத்தம் எண்ணினேன்: 19. வலது ஓரத்துல சீமோன் பக்கம் சட்டக்காரர் உள்ள மடக்கிட்டார் போல, மீதி அங்க இருக்கலாம். பிரிச்சுப் பார்க்க அம்மா விடல.

உபதேசியார்:
உங்கள் இழையைப் படித்துவிட்டு எங்கள் வீட்டில் இருக்கும் மரத்தில் செதுக்கியதை நானும் போய்ப் பார்த்தேன். எங்கள் ஊர் ஆசாரி என் கல்யாணத்துக்குச் செய்து கொடுத்தது. மேசை விரிப்பைத் தரை வரைக்கும் தொங்கவிட்டு, 26 காலையும் ஒரே துணியில் மறைத்துவிட்டார். கெட்டிக்காரர்.